மணமேடையில் பாட விரும்பும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து தயாரித்து அனுப்பிய கல்யாண நிகழ்ச்சி நிரலை நானும் அம்மாவும் மூன்று முறை படித்தோம். தொலைபேசியில் பேசினால் பாதியிலேயே "பார்த்துக்கொள்ளலாம் அப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய் என்பதால் இதைக் கடிதமாகவே எழுதுகிறேன். அவசரம் இல்லாத ஒரு நேரத்தில், முடிந்தால் மாப்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையன்று பஞ்சரத்ன கீர்த்தனைகளை எல்லோரும் கூடிப் பாடும் பந்தலில் நீ பாடிக்கொண்டிருந்தபோது, மூன்று வரிசை தள்ளி மிருதங்கத்தோடு உட்கார்ந்திருந்தவர்தான் இன்று நம் வீட்டு மாப்பிள்ளையாக வரப்போகிறார். ஆகவே உங்கள் கல்யாணம் சங்கீதத்தைச் சுற்றியே அமைய வேண்டும் என்று நீங்கள் விரும்புவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. அதை எந்த இடத்தில் எப்படி வைப்பது என்பதில்தான் எனக்கும் உங்கள் நிரலுக்கும் கருத்து வேறுபாடு.

சிறிய விஷயத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். சாப்பாட்டுக் கூடத்தில் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு ராகத்தின் பெயர் வைக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். கல்யாணி, மோகனம் என்று பெயர் வைக்கும்வரை சரிதான். ஆனால் உன் பட்டியலில் முகாரியும் ஆகிரியும் இருக்கின்றன. காலையில் ஆகிரி பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்று பரம்பரையாகச் சொல்லி வருகிற குடும்பத்தில், அந்தப் பெயர் எழுதிய மேசையில் பெரிய அத்திம்பேரை உட்கார வைத்தால், தற்செயலாகப் பாயசம் அவருக்கு வராமல் போய்விட்டால்கூட, அந்தப் பேச்சு உன் பிள்ளைகளின் கல்யாணம் வரை ஓயாது. அந்த இரண்டையும் எடுத்துவிடு.

வரவேற்பில் திரைப்பாடல்களை ஒலிபரப்பினால் உரிமம் வாங்க வேண்டுமோ என்று மாப்பிள்ளை கேட்டிருந்தார். வேண்டாம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், தனது 52-ஆம் பிரிவில், கல்யாண ஊர்வலத்துக்கும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் விலக்கு அளித்திருக்கிறது. ஆனால் இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை, மூடிய அரங்குக்கு வெளியே ஒலிபெருக்கி கூடாது என்ற 2000-ஆம் ஆண்டின் விதியில் கல்யாணத்துக்கென்று விலக்கு இல்லை. உன் நிரலில் பத்தரை மணி வரை பாட்டு ஓடுகிறது, அதைக் குறைத்துக்கொள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். முகூர்த்தத்துக்கு நாகஸ்வரம் வேண்டாம், அதன் சத்தத்தில் ஒருவரோடு ஒருவர் பேசக்கூட முடியாது, அதற்குப் பதிலாக உன் தோழிகளின் வயலினும் கீபோர்டும் போதும் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய்க் காப்பி கலந்துகொண்டு வந்தாள். அவள் எப்போது அப்படிச் செய்வாள் என்பது உனக்கே தெரியும்.

நாகஸ்வரத்தின் சத்தத்தைப் பற்றி நீ சொல்வது பொய்யென்று நான் சொல்ல மாட்டேன். சென்ற ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பளிங்குத் தரையும் கண்ணாடிச் சுவரும் குளிர்சாதனமும் கொண்ட மண்டபத்தில், ஜெனரேட்டர் அறையை ஒட்டிய ஒரு மூலையில் மேளக்காரர்களை உட்கார வைத்து, நாகஸ்வரத்தின் விரிந்த அடிவாயான அணசுக்கு நேராக ஒரு மைக்கையும் நிறுத்தியிருந்தார்கள். திறந்த வெளியில், கோயில் வீதியில், நான்கு தெருவுக்குக் கேட்பதற்காக உண்டான வாத்தியத்தை மூடிய அறைக்குள் கொண்டுவந்து, அதற்கு ஒலிபெருக்கியையும் வைத்தால் காது வலிக்கத்தான் செய்யும். ஆனால் அன்று எனக்கு அதைவிட அதிகமாக உறுத்தியது வேறு. அந்தப் பெரியவர் பூர்விகல்யாணி ராகத்தை அவ்வளவு நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தபோது, அவருக்கு எதிரே ஒரு நாற்காலிகூட இல்லை. அறுநூறு பேர் கூடியிருந்த இடத்தில், கேட்பதற்கென்று ஒருவரும் இல்லாமல் ஒரு வித்வான் ஒரு மணி நேரம் வாசித்தார்.

உன் தாத்தா, நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைக் கோயில் புறப்பாட்டில் கேட்டவர். சுவாமி நகரவில்லை, ஜனங்களும் நகரவில்லை, தோடி ராகம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது என்று அதை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அத்தையின் கல்யாணத்தில் நானே ஒன்றைப் பார்த்தேன். ஜானவாசம் என்கிற மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் முடிந்து பந்தலில் தோடி தொடங்கியதும், சமையற்கட்டிலிருந்து கரண்டியும் கையுமாக மூன்று பேர் வெளியே வந்து நின்றுவிட்டார்கள். ரசம் பொங்கி வழிந்தது. யாரும் அவர்களைக் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். முந்தின நாள் மாலை 6 மணியிலிருந்து ஏழரை வரை உங்கள் இருவரின் கச்சேரி என்று நிரலில் போட்டிருக்கிறீர்கள் அல்லவா, அந்த நேரத்தை மேளத்துக்குக் கொடுங்கள். இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி. மண்டபத்துக்குள் வேண்டாம்; பின்புறத்துத் தென்னந்தோப்பை ஒட்டிய திறந்த தாழ்வாரத்தில், மைக் இல்லாமல், ஜமுக்காளம் விரித்துச் செய்யலாம். முதல் வரிசையில் நீங்கள் இருவரும் உட்கார வேண்டும். கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து கேட்டால் ஊரும் உட்காரும். நரசிங்கம்பேட்டையில், பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த ஆச்சா மரத்தைக் கடைந்து இந்த வாத்தியத்தைச் செய்கிறார்கள். அதற்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த ஊர் நாம் இருக்கும் இடத்திலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம்தான். இங்கேயே நாம் கேட்காவிட்டால் வேறு எங்கே கேட்கப் போகிறார்கள்?

மாப்பிள்ளைக்கு இதில் தனியாக ஒரு லாபம் இருக்கிறது. மிருதங்கக்காரர்கள் தவிலைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று அவருடைய குருவே சொல்வாராம், மாப்பிள்ளையே என்னிடம் சொன்னார். பலாமரக் கட்டையில், வலப்பக்கமான வலந்தலையை விரற்கூடு மாட்டிய கையாலும் இடப்பக்கமான தொப்பியைக் கழியாலும் வாசிக்கிற அந்தத் தாளக் கணக்குகளை, இரண்டு தவில்கள் மாற்றி மாற்றி விடும் தனி ஆவர்த்தனத்தில் ஐந்தடி தூரத்திலிருந்து கேட்க இதைவிட நல்ல வாய்ப்பு அவருக்கு எங்கே கிடைக்கும்? மறுநாள் வைத்தால் நடக்காது. தாலி கட்டி முடித்த மறு நிமிடம் பாதிக் கூட்டம் முதல் பந்திக்கு ஓடிவிடும்.

நீ மணமேடைக்கு வரும்போது நாகஸ்வரத்தோடு சேர்ந்து பாடிக்கொண்டே வரலாம் என்று மாற்று யோசனையாக ஒரு வரி எழுதியிருந்தாய். யோசித்துப் பார். உன் சுருதி ஐந்து கட்டை. இப்போது வாசிக்கிற பாரி நாயனம் என்கிற நீண்ட நாகஸ்வரம் பெரும்பாலும் இரண்டு அல்லது இரண்டரைக் கட்டையில் இருக்கும். அவர்களும் உன் சுருதிக்கு வர முடியாது, நீயும் அவர்கள் சுருதிக்குப் போக முடியாது. தவிர, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, வெறும் வயிற்றோடு, மடிசாரின் கனத்தோடு, ஹோமப் புகையில் நின்றுகொண்டிருப்பவளுக்குத் தார ஸ்தாயி எட்டுமா என்பதை நீயே சொல். மாப்பிள்ளையும் மிருதங்கத்தின் தொப்பிக்கு ரவை பிசைந்த கையோடு தாலி கட்ட வர முடியாது.

ஊஞ்சலுக்கு மட்டும் பாட்டு நம்முடையதாக இருக்கட்டும். நீங்கள் சந்தித்த இடத்தில் சமாதி கொண்டிருக்கும் தியாகராஜரே ஊஞ்சலுக்கும் லாலிக்கும் உற்சவ சம்பிரதாயக் கீர்த்தனைகள் செய்துவைத்திருக்கிறார்; நீலாம்பரியில் உள்ள உய்யாலப் பாட்டு உன் சித்திக்கு நன்றாக வரும். சித்தியும் அம்மாவும் மாப்பிள்ளையின் பாட்டியும் மைக் இல்லாமல் பாடட்டும். பாட்டிக்கு எண்பது வயது தாண்டிவிட்டது, சுருதி சற்று விலகும். விலகட்டும். ஊஞ்சலில் இருக்கும்போது நீ பாட வேண்டாம், எடுத்துக்கொடுக்கவும் வேண்டாம். ஆறு வயதிலிருந்து நீ பாட நாங்கள் கேட்டோம். அன்று ஒரு பத்து நிமிடம் நாங்கள் பாட நீ கேள்.

முகூர்த்தத்தில் கெட்டிமேளத்தை மட்டும் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தும்மலோ வேண்டாத சொல்லோ அந்த நேரத்தில் காதில் விழக்கூடாது என்பதற்காக வாசிப்பது அது. சத்தம்தான் அதன் வேலை. அதை வயலின் செய்ய முடியாது. உன் தோழிகளை நான் ஒதுக்கவில்லை. வரவேற்பில் வரிசையாக வருகிறவர்கள் பரிசு கொடுத்துக் கைகுலுக்கும் மூன்று மணி நேரமும் அவர்களுடையது. ஆனால் வருகிறவர்களின் பெயர் உன் காதில் விழுகிற அளவுக்கு மெதுவாக வாசிக்கச் சொல்.

உங்கள் கச்சேரி எங்கே போயிற்று என்று கேட்பாய். கட்டுச்சாதம் கட்டி எல்லோரையும் அனுப்பிய பிறகு, நம் வீட்டுக் கூடத்தில், தம்புராவோடு வைத்துக்கொள்ளலாம். முப்பது பேர்தான் இருப்போம், எல்லோரும் கேட்க வந்தவர்களாக இருப்போம். ஒரு வர்ணம், ஒரு விருத்தம், மாப்பிள்ளைக்குத் தனி ஆவர்த்தனத்தோடு ஒரு பெரிய கீர்த்தனை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாடு. மண்டபக்காரர் வந்து விளக்கை அணைக்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை மேளக்காரர் வீட்டுக்குப் போய் முன்பணம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். முந்தின நாள் மாலைக்கும் சேர்த்துப் பேசுவதா என்பதை வியாழன் இரவுக்குள் தெரிவித்துவிடு. அவர் என்ன ராகம் விஸ்தாரமாக வாசிக்க வேண்டும் என்று கட்டாயம் கேட்பார். எனக்குத் தோடி. உனக்கும் மாப்பிள்ளைக்கும் என்ன வேண்டும் என்பதை எழுது.

அன்புடன்,
அப்பா