பட்டியலின் அடியில்

சிவமயம்

கண்டனூர்
தை 10

அன்பு மகளுக்கு அப்பச்சி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் ஆத்தாவும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும்.

உன் புத்தகக் கடையின் தை மாதப் புதுப் புத்தகப் பட்டியல் நேற்றுத் தபாலில் வந்தது. முகவரியை அச்சடித்து ஒட்டியிருந்தாய். வேலை மிகுதியாக இருக்கும். வழக்கம்போல மூன்று தலைப்பு: அறிவியல் புனைகதை, மாயப் புனைவு, துப்பறியும் கதை. மொத்தம் 11 புத்தகங்கள். தாளின் அடியில், ‘அப்பச்சி, 4ஆம் எண் உங்களுக்குப் பிடிக்கும்’ என்று மாதாமாதம் நீ பேனாவால் எழுதுகிற இடம் வெறுமையாக இருந்தது. தாளைத் திருப்பிப் பார்த்தேன். உறைக்குள் விரலை விட்டும் பார்த்தேன்.

ஐப்பசியில் அனுப்பிய விண்வெளிக் கப்பல் கதையை முடித்துவிட்டேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்ததால் இத்தனை நாளாயிற்று. ஏறியவர்கள் எல்லாம் வழியிலேயே இறந்துபோய், அவர்களுடைய பேரன் பேத்திகள்தான் போய்ச் சேர வேண்டும் என்ற ஏற்பாடு முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. நடுவில் பிறந்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? புறப்பட்ட ஊரும் தெரியாது, சேரும் ஊரும் தெரியாது. பிறகு ஒரு நாள் முகப்பில் உட்கார்ந்து யோசித்தேன். அய்யா பர்மாவுக்குப் பெட்டியடிப் பையனாக, வட்டிக்கடை எடுபிடியாக, கொண்டுவிற்கப் போனபோது வயது 14. 1942இல் ஜப்பான்காரன் வந்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நடந்தே திரும்பினார்கள். நான் பர்மாவையும் பார்க்கவில்லை, அந்தப் பணத்தையும் பார்க்கவில்லை. அங்கிருந்து வந்த தேக்குத் தூண்களைத் துடைத்துக்கொண்டே வளர்ந்தேன். நானும் நடுக்கப்பலில் பிறந்தவன்தான். இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு முறை போனை எடுத்தேன். நீ கடையில் இருப்பாய் என்று வைத்துவிட்டேன்.

பட்டியலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐப்பசியில் 41 இருந்தது. கார்த்திகையில் 38. மார்கழியில் பட்டியலே வரவில்லை. இப்போது 11. நான் 34 வருஷம் பேரேடு எழுதியவன், அம்மா. ஒரு கடையின் பட்டியல் சுருங்கினால் எனக்கு வேறு எதுவும் தோன்றாது. உள்ளே கைமுதல் சுருங்கியிருக்கிறது என்றுதான் தோன்றும். நான் தப்பாக நினைத்திருக்கலாம். தை மாதத்தில் புத்தகம் குறைவாக வெளிவருமோ என்னவோ. இருப்பையும் கடனையும் நேர்நேர் வைத்து ஐந்தொகை போட்டாயா? பங்குனி வரை காத்திருக்காதே, இப்போதே ஒரு முறை போட்டுப் பார். இருப்பில் உள்ள சரக்கை அட்டையில் போட்ட விலைக்கு எழுதாதே, கொள்முதல் விலைக்கு எழுது. பலர் சறுக்கும் இடம் அதுதான்.

இன்னொன்றும் சொல்கிறேன். விற்காவிட்டால் பதிப்பகத்தார் திருப்பி எடுத்துக்கொள்ளும் சரக்கையும் எடுத்துக்கொள்ளாத சரக்கையும் ஒரே கணக்கில் கலக்காதே. இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரும் கெட்டி அட்டைப் புத்தகங்களைக் கேட்டு வருபவர் இருந்தால் மட்டும் எடு. மெல்லட்டைப் பதிப்பு ஏறத்தாழ ஓராண்டில் வந்துவிடும் என்று நீதானே சொன்னாய்? அவசரப்படாதவர்களுக்கு அது போதும். இணையத்தில் கொடுக்கிற விலைக் கழிவோடு போட்டி போடாதே. மாயப் புனைவில் எல்லாம் மூன்று பாகம், ஐந்து பாகம் என்று போகிறது. முதல் பாகம் கையில் இல்லாமல் இரண்டாம் பாகத்தை அடுக்கினால் அது அலமாரியிலேயே கிடக்கும். துப்பறியும் கதை அப்படியல்ல. எந்த எண்ணிலிருந்தும் ஆள் உள்ளே வருவார், வந்தவர் மற்றவற்றையும் கேட்பார். அது உன் சோறு. அறிவியல் புனைகதை உன் ஆசை. ஆசைக்கு ஓர் அலமாரி, சோற்றுக்கு இரண்டு அலமாரி என்று வை. புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்று நிம்மதியாக இருக்காதே, கடை வாடகைக்கு உண்டே.

புதுப் புத்தகம் அமெரிக்காவில் செவ்வாய்க்கிழமையும் இங்கிலாந்தில் வியாழக்கிழமையும் வெளியாகும் என்று ஒரு முறை எழுதியிருந்தாய். செவ்வாயில் நாம் எதையும் தொடங்கியதில்லை. வியாழன் உத்தமம். பார்சல் செவ்வாயன்று வந்தாலும் மறுநாள் பிரி.

ஆத்தா உனக்கு மணகோலமும் சீப்புச் சீடையும் செய்து வைத்திருக்கிறாள். பஸ் பார்சலில் போடலாமா, கடைக்கு அனுப்புவதா வீட்டுக்கு அனுப்புவதா என்று கேட்கச் சொன்னாள். மேல்வீட்டுப் பங்கு விஷயம் அப்படியே இருக்கிறது. பிள்ளையார் நோன்புக்கு உன் பங்குக்கும் சேர்த்து 21 இழையில் திரி திரித்து வைத்திருந்தாள். நீ வரவில்லை. அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பொங்கலன்று நீ அனுப்பிய படத்தில் காதில் வைரத்தோடு இல்லை, வேறு ஏதோ போட்டிருக்கிறாய் என்கிறாள். கழற்றி வைத்திருப்பாய். பத்திரமாக இருக்கிறதுதானே? வட்டிக்கு வாங்கும் நிலை வந்தால் வாங்குவதற்கு முன் என்னிடம் சொல். வட்டி என்னவென்று நம் வீட்டுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. ஐந்தொகை போட்டால் எல்லாம் தெரிந்துவிடும்.

கடை திறந்தபோது வந்தேனே, அதற்குப் பிறகு நான் வரவில்லை. அன்று ஒரு கல்லூரிப் பையன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு புத்தகத்தில் பாதியைப் படித்துவிட்டு, வாங்காமல் எழுந்து போனான். எனக்குக் கோபம் வந்தது. ‘நாளைக்கு வருவான் அப்பச்சி’ என்றாய். அலமாரி விளிம்பில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் கீழே நீ கையால் எழுதிச் செருகியிருந்த சிறிய அட்டைகளை அவன் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனதை நானும் பார்த்தேன். கதையைச் சொல்லிவிடாமல், வாங்கவும் தோன்றும்படி நாலே வரி. பத்து வயதில், நான் படித்துக்கொண்டிருந்த மாத நாவலைப் பிடுங்கிப் பாதியிலேயே கொலைகாரன் யாரென்று சொன்ன பெண் அல்லவா நீ. அன்று எனக்கு இருந்த பெருமையை உன்னிடம் காட்டவில்லை. மூன்றரை மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். மறுநாள் அந்தப் பையன் வந்தானா என்று இதுவரை கேட்கவில்லை. வந்தானா?

வேலையை விட்டதை மூன்று மாதம் கழித்து எங்களிடம் சொன்னாய். அது சரியில்லை. இன்றும் சொல்கிறேன், சரியில்லை. முன்பே சொல்லியிருந்தால் கோயம்புத்தூர் ஆர்.எஸ். புரத்தில் கடைக்கு அந்த அட்வான்ஸ் கொடுக்க விட்டிருக்க மாட்டேன்.

தீபாவளிப் பட்டியலோடு வந்த அட்டையை அய்யாவின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். கடை ஜன்னலில் மாட்டியதன் நகல் என்றாய். தலைப்பு ‘1926’. அறிவியல் கதைகளுக்கென்றே ஒரு மாத இதழ் முதன்முதலாக அமெரிக்காவில் தொடங்கியது அந்த வருஷம். சங்கர்லாலைப் படைத்த தமிழ்வாணன் நம் தேவகோட்டையில் பிறந்ததும் அதே வருஷம். அதே வருஷம் டிசம்பரில் இங்கிலாந்தில் அகதா கிறிஸ்டி வீட்டை விட்டுப் போய் 11 நாள் காணாமல் போனார், ஒரு ஹோட்டலில் கண்டுபிடித்தார்கள், தன் சுயசரிதையில்கூட அவர் அதைப் பற்றி எழுதவே இல்லை என்று எழுதியிருந்தாய். இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்க்க வேறு யாருக்குத் தோன்றும்? சின்ன வயதில் கொப்புடையம்மன் கோயில் பக்கம் இருந்த வாடகை நூலகத்தில் சங்கர்லாலை எடுத்துச் சட்டைக்குள் ஒளித்து வந்து படித்தவன் நான். எனக்கே தோன்றவில்லை.

அந்த 11 நாளைத்தான் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நீ என்னிடம் பேசி நேற்றோடு 62 நாள். ஆத்தாவுக்குப் போன் செய்கிறாய். ‘அப்பச்சி தூங்குகிறார்களா?’ என்று கேட்கிறாய். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவள் என்னைப் பார்க்கிறாள். நான் கையை அசைத்துவிடுகிறேன்.

62 நாளுக்கு முன்னால் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுமா என்பதுதான் தெரியாமல் இருந்தது. தேவகோட்டைச் சாந்திக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது சிங்கப்பூர் அம்மான் என்னிடம் கேட்டார்கள்: ‘மகள் இப்போது என்ன செய்கிறது?’ நான் சொன்னேன்: ‘பழைய கம்பெனியிலேதான். கோயம்புத்தூருக்கு மாற்றல்.’ அவர்கள் வற்புறுத்திக்கூடக் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன், இலையைப் பார்த்துக்கொண்டு. சொல்லி முடித்துத் தலையைத் தூக்கினால், பின்வரிசைக்குப் போகும் வழியில் உன் பச்சைப் புடவை தெரிந்தது. முகம் தெரியவில்லை. இரவு தங்குவதாகச் சொன்னவள் அன்று மாலையே பஸ் ஏறினாய். கடையில் சரக்கு வருகிறது என்றாய். சரக்குத்தான் வந்திருக்கும் என்று இந்த 62 நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முன்பட்டியலில் 38 புத்தகம் எழுதியவளுக்குச் சரக்கு வருவது உண்மைதானே என்று கணக்குக்கூடக் காட்டிக்கொண்டேன். நீ கேட்டுவிட்டாய். அதை இந்த வெறும் தாள்தான் எனக்குச் சொன்னது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உன்னிடம் மறைக்க மாட்டேன். வெட்கப்பட்டேன். கடை வைத்த குடும்பத்தில் பிறந்து, கடை வைத்த மகளுக்காக வெட்கப்பட்டேன். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் கதையை எத்தனை சபையில் நான் சொல்லியிருப்பேன்! விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர்கள், மற்றவர்கள் எடைக்குப் போடுகிற நாடக நோட்டீஸையும் கல்யாண அழைப்பையும் துப்பறியும் நாவலையும் தேடித் தேடிச் சேர்த்தார்கள். 1992இல் அவர்கள் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. 1994இல் சென்னையில் அவர்கள் பெயரிலேயே நூலகமாயிற்று. பக்கத்து ஊர்க்காரர் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். ஊரார் வீட்டுப் புத்தகத்துக்கு நிமிர்ந்த நெஞ்சு, என் மகளின் புத்தகத்துக்குப் பந்தியிலே குனிந்துவிட்டது. இதை எழுதும்போது கை நடுங்குகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று மாலை காரைக்குடிக்குப் போய் உன் பட்டியலை ஐந்து நகல் எடுத்தேன். ஒன்றை முகப்புத் திண்ணைச் சுவரில் பசை போட்டு ஒட்டிவிட்டேன். அய்யா காலத்து முட்டைச் சாந்துச் சுவர். காலண்டருக்குக்கூட ஆணி அடிக்க நான் யாரையும் விட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். ஆத்தா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஓரம் தூக்கியிருந்த இடத்தில் விரலால் அழுத்திவிட்டுப் போனாள். சிங்கப்பூர் அம்மானுக்கு ஒரு நகலும் ஒரு கடிதமும் இன்று தபாலில் சேர்த்தேன். ‘நான் அன்று சொன்னது பொய், என் மகள் கோயம்புத்தூரில் சொந்தமாகப் புத்தகக் கடை வைத்திருக்கிறாள், இது இந்த மாதச் சரக்கு’ என்று எழுதியிருக்கிறேன். பதில் என்ன வந்தாலும் வரட்டும்.

ஐந்தொகை போடு. தனியாகப் போட மலைப்பாக இருந்தால் சொல், மாசி பிறப்பதற்கு முன் நான் வந்து இரண்டு நாள் தங்கிப் போட்டுத் தருகிறேன். கடையில் பின்பக்கம் ஒரு ஸ்டூல் போதும். வருகிறவர்களிடம் பேச மாட்டேன். தரையில் உட்கார்ந்து படிப்பவர்களையும் ஒன்றும் சொல்ல மாட்டேன். நஷ்டம் என்றால் எவ்வளவு என்று எழுத்தில் பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். மேல்வீட்டுப் பங்கை நான் பேசி முடித்தால் என் பாகத்துக்கு ஏதோ வரும். அதைப் பிறகு பேசுவோம்.

பட்டியலில் 2, 5, 9 ஆகிய மூன்றையும் எனக்கு அனுப்பு. 5ஆம் எண் இரண்டாம் பாகம் போலத் தெரிகிறது. அப்படியானால் முதல் பாகத்தையும் சேர்த்து அனுப்பு. கழிவு வேண்டாம். பில் போட்டு அனுப்பு, கடைப் பெயர் தெரிகிற மாதிரி. பணத்தை ஆத்தா உன் கணக்கில் போட்டுவிடுவாள்.

தாளின் அடியில் எழுத உனக்கு இப்போது மனம் வராவிட்டால் நான் வற்புறுத்தவில்லை. பார்சல் மேல் முகவரியை மட்டும் அச்சடித்து ஒட்டாதே. உன் கையாலேயே எழுது.

அப்பச்சி