கையெழுத்து வேட்டைக்கு முன்னால்

அன்புள்ள முருகேசனுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து காலை நடையை மறுபடி தொடங்கிவிட்டாய் என்பதில் சந்தோஷம். பக்கத்து மாநகராட்சி நடுநிலைப் பள்ளிக்காகத் தெருக்காரர்களைத் திரட்டுகிறாய் என்பதில் அதைவிடச் சந்தோஷம். ஆனால் 500 கையெழுத்து வாங்கி அமைச்சருக்கு அனுப்பும் யோசனையைக் கொஞ்சம் தள்ளி வை. அப்படிப்பட்ட மனு மேலிருந்து கீழே கைமாறி, 'உரிய நடவடிக்கைக்கு' என்ற குறிப்போடு அதே தலைமையாசிரியர் மேசைக்குத்தான் வரும். அன்றிலிருந்து அவர் உங்களை எதிராளியாகப் பார்ப்பார்.

முதல் வேலை, எது யார் பொறுப்பு என்று பிரித்துக்கொள்வது. மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் அரசுப் பள்ளிகள் எல்லாமே மாநகராட்சியுடையவை அல்ல. கல்வித் துறை நேரடியாக நடத்துபவையும் உண்டு. ஒரே பள்ளியில் கட்டடம் ஒருவரிடமும் ஆசிரியர் பணியிடம் இன்னொருவரிடமும் இருக்கலாம். ஒழுகும் கூரையையும் கணக்கு வாத்தியார் இல்லாததையும் ஒரே தாளில் எழுதினால் இரண்டு அலுவலகமும் 'எங்களுடையது அல்ல' என்று சொல்லிவிடும். ஒரு மனுவுக்கு ஒரு குறை. மேலே பள்ளியின் 11 இலக்க யுடைஸ் எண் (ஒவ்வொரு பள்ளிக்கும் அரசு தரும் அடையாள எண்), வார்டு எண். கீழே என்ன வேண்டும், எத்தனை வேண்டும், எந்தத் தேதிக்குள். கொடுத்தவுடன் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதே.

அந்த மனுவுக்குப் பலம் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21-இன்படி குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதி பெண்கள். பிரிவு 22 பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்கும் பொறுப்பை அவர்களிடமே தருகிறது. வெளியாட்களான நாம் 500 பேர் கேட்பதைவிட, பிள்ளையை அங்கே படிக்கவைக்கும் 15 அம்மாக்கள் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கேட்பதைத் தட்டிக்கழிப்பது கடினம். வழக்கமாகச் சொதப்புவது கூட்ட நேரத்தில்தான். வேலை நாள் பிற்பகலில் கூட்டினால் தினக்கூலிக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள். பிறகு பதிவேடு வீடு வீடாகக் கையெழுத்துக்குப் போகும். கூட்டத்தை மாலைக்கு மாற்றக் கேளுங்கள். எழுதாத பக்கத்தில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது என்பதை மட்டும் பிடிவாதமாகச் சொல்லி வை.

கழிப்பறை பற்றி எழுதியிருந்தாய். 'மோசமாக இருக்கிறது' என்று எழுதினால் நாளைக்கே பினாயில் ஊற்றிப் படம் எடுத்து அனுப்பிவிட்டுக் கோப்பை மூடுவார்கள். எண்ணி எழுது. 240 பெண் பிள்ளைகள், திறந்திருக்கும் அறை 4, இடைவேளை 10 நிமிடம் என்று வைத்துக்கொள். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலே 40 பேர்தான் போய்வர முடியும். மீதி 200 பேர்? தண்ணீர் குடிக்காமலே இருந்து பழகிக்கொள்வார்கள். 40 பேருக்கு ஓர் அறை என்ற அளவுகோல்படி 6 வேண்டும். அப்போதும் 60 பேர்தான். ஆகவே அறை கேட்கும்போதே, வகுப்புகளைப் பிரித்து இடைவேளை விடச் சொல்லியும் கேள். அதற்குப் பைசா செலவில்லை, தலைமையாசிரியரே செய்யலாம். அப்புறம் கதவின் உள்பக்கத் தாழ்ப்பாளைப் பார். தாழ்ப்பாள் இல்லாத அறை கணக்கில் இருக்கும், பிள்ளைகள் உள்ளே போகமாட்டார்கள். மேல்தொட்டிக்கு மோட்டார் போடுவது யார், அவர் விடுப்பு எடுத்தால் யார், துப்புரவாளருக்குச் சம்பளம் எந்தக் கணக்கில் என்பதையும் கேட்டு வை. புதுக் கழிப்பறைகள் பூட்டிக் கிடப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்: கட்ட ஒரு நிதி கிடைத்தது, பராமரிக்க எதுவும் ஒதுக்கவில்லை. நன்கொடையாளர்கள் சுவரில் கார்ட்டூன் வரைந்துவிட்டுப் போவதில் எனக்கு உற்சாகம் இல்லாததும் இதனால்தான்.

'நிதி இல்லை' என்பார்கள். நாம் கட்டும் சொத்து வரிக்குள் கல்வி வரி என்று ஒரு பங்கு உண்டு. மாநகராட்சிக் கணக்கில் வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி போலத் தொடக்கக் கல்வி நிதி என்று தனியே ஒன்று இருக்கிறது. கடந்த 3 ஆண்டுகளுக்கு அதன் வரவு, செலவு, கையிருப்பு அறிக்கை நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதே. விளக்கம் சொல்வது எங்கள் வேலையல்ல என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேள்: பணி ஆணை, மதிப்பீடு, முடித்த வேலையைப் பொறியாளர் அளந்து எழுதும் அளவுப் புத்தகம். செய்யாத வேலைக்குப் பில் போயிருந்தால் அளவுப் புத்தகத்தில் தெரிந்துவிடும்.

காலமும் முக்கியம். பட்ஜெட் மாநகராட்சி மன்றத்துக்கு வந்த பிறகு கேட்டால் அடுத்த ஆண்டுதான். டிசம்பருக்கு முன்பே உதவிப் பொறியாளர் வந்து அளந்து எஸ்டிமேட் போட்டிருக்க வேண்டும். அதன்பிறகு வாரம் ஒரு முறை, கோப்பு எண்ணைச் சொல்லி, எந்த மேசையில் இருக்கிறது என்று மட்டும் விசாரி. சண்டை வேண்டாம்.

ஆசிரியர் விஷயத்தில் நாள் வேறு. தொடக்க வகுப்புகளுக்கு 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4 என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. இங்கே பணியாளர் நிர்ணயம், அதாவது பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவுசெய்வது, ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கையை வைத்து. சேர்க்கைக்கு நீங்கள் தெருத்தெருவாகப் போவதானால் அதற்குள் போக வேண்டும். 60-இல் நின்றதை 61 ஆக்கினால் ஓர் ஆசிரியருக்கு உரிமை கேட்கலாம். பதிவேட்டில் பெயர் இருந்தும் ஆள் இல்லை என்றால் மாற்றுப்பணியில் வேறெங்கோ அனுப்பியிருப்பார்கள். அனுமதிக்கப்பட்ட இடம், நிரப்பியது, மாற்றுப்பணியில் சென்றது என்று மூன்று எண்ணையும் தனித்தனியே கேட்டால்தான் இது வெளியே வரும்.

எதற்கும் அசையாவிட்டால் கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 32 இருக்கிறது. உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தியில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள். முதல் நாளே ஆணையம், நீதிமன்றம் என்று பேசினால் உள்ளே இருக்கும் நல்ல ஆசிரியர்கள்கூட வாயைத் திறக்கமாட்டார்கள். குறைகள் எங்கே என்று அவர்களுக்குத்தானே தெரியும்?

தீர்மானத்தின் வரைவை அனுப்பு, பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சுந்தரம்