பிரான்சின் காசி முனைக்குப் போகுமுன் காற்றைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரான்சின் மத்தியதரைக் கடற்கரை என்றாலே நீஸ், பக்கத்துக் குட்டி நாடான மொனாக்கோ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். மார்செய்க்குக் கிழக்கே காசி (Cassis) என்ற சிறு துறைமுக ஊரிலிருந்து லா சியோத்தா வரை மலைமுகட்டிலேயே ஒரு சாலை ஓடுகிறது, அதில் ஆங்காங்கே வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தால் கடல் நேர் கீழே கிடக்கும், காப் கனாய் முனையில் பாறையின் உயரம் 394 மீட்டர் என்றால் நம்புவீர்களா! தடுப்பு எல்லா இடத்திலும் கிடையாது, குழந்தைகளோடு போகிறவர்கள் கையை விடாதீர்கள். இந்தப் பக்கம் காவி நிறப் பாறை, எதிர்ப்பக்கம் கலாங்க் எனப்படும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை இடுக்குகள். மாலை வெயிலில் பார்ப்பதே சரி, மதியத்தில் கண் கூசும்.

ஆனால் நினைத்த நாளில் போக முடியாது. மிஸ்திரால் எனப்படும் வடக்கத்திக் குளிர்காற்று பலமாக வீசினால் சாலையையே மூடிவிடுவார்கள், கோடையில் காட்டுத்தீ அபாயம் இருந்தால் கலாங்க் நடைபாதைகளும் அப்படித்தான். அந்தக் கலாங்குகளில் ஒன்றான சுஜிட்டோன் பகுதிக்கு 2022 முதல் கோடைக்கால முன்பதிவு வேறு, நாளுக்கு 400 பேர்தான். கட்டணம் இல்லை. கூட்டம் மிதித்து மண் அரித்ததால் வந்த ஏற்பாடு, எனக்கு இதில் குறையே தெரியவில்லை. அப்புறம், குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டு போங்கள், பாதையில் கிடைக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்