நட்பு ஆட்டத்தில் ஸ்கோரை மட்டும் எழுதினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேசிய கால்பந்து அணிகள் பெரிய போட்டிகளுக்கு முன் பயிற்சிக்காக ஆடும் நட்பு ஆட்டங்களைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வரும் செய்திகள் குறித்து எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை. ‘அபார வெற்றி’ அல்லது ‘படுதோல்வி’ என்று தலைப்பு, கீழே கோல் அடித்தவர்களின் பெயர், நிமிடம். அதோடு செய்தி முடிந்துவிடுகிறது. உலகக் கோப்பைக்கோ ஆசியக் கோப்பைக்கோ போகும் அணி இந்த ஆட்டத்தில் எதைச் சோதித்துப் பார்த்தது என்பது வருவதே இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல வருடம் கால்பந்து சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

2022 நவம்பர் 16 அன்று அபுதாபியில் அர்ஜென்டினா, ஐக்கிய அரபு அமீரகத்தை 5-0 என்று வென்றது. அதே நாளில் ரியாத்தில் சவுதி அரேபியா, குரோஷியாவிடம் 0-1 என்று தோற்றது. ஆறு நாள் கழித்து உலகக் கோப்பையில் இந்த இரண்டு அணிகளும் லுசைல் மைதானத்தில் மோதின. சவுதி 2, அர்ஜென்டினா 1. அதுவரை அர்ஜென்டினா தொடர்ந்து 36 ஆட்டங்களில் தோற்காத அணி.

சவுதி பயிற்சியாளர் ஹெர்வே ரெனார் தேர்ந்தெடுத்த 26 பேருமே உள்நாட்டு லீக்கில் ஆடுபவர்கள். லீக்கை முன்கூட்டியே நிறுத்தி, அவர்களை வாரக்கணக்கில் ஒன்றாக வைத்திருந்தார்கள். ஐஸ்லாந்து, பனாமா, குரோஷியா என்று எளிதில் கோல் விடாத அணிகளோடு ஆட விட்டார்கள். எல்லாம் ஒரு கோல், இரண்டு கோல் விழுந்த ஆட்டங்கள், தலைப்புக்கு ஆகாதவை. ஆனால் லுசைலில் அவர்களுடைய தடுப்பு வரிசை ஒரே மூச்சில் முன்னேறி, அர்ஜென்டினாவைப் பத்து முறை ஆஃப்சைடில் (சக வீரர் பந்தைத் தட்டும் நொடியில் தடுப்பு வரிசையைத் தாண்டி நிற்கும் தவறு) மாட்டவைத்தது. முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினாவின் மூன்று கோல்கள் அதனால் செல்லாமல் போயின. நான்கு பேர் ஒரே நேரத்தில் காலெடுத்து வைப்பதைக் கரும்பலகையில் வரைந்து பழக்க முடியாது. ஒருவன் அரை அடி பின்தங்கினாலும் கோல்தான். எதிரே நிஜமாகவே கோலுக்குப் பாய்கிற ஆள் இருந்தால்தான் அது படியும். அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் தோற்று சவுதி வெளியேறியது உண்மைதான், கோப்பையும் அர்ஜென்டினாவுக்கே போனது. ஆனாலும் அந்த ஒரு ஆட்டத்துக்கு அவர்கள் தயாராகி வந்த விதத்தை மறுக்க முடியாது.

இதைவிடப் பெரிய பாடம் 2002 உலகக் கோப்பையின் தென்கொரியா. 2001 தொடக்கத்தில் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற ஹூஸ் ஹிட்டிங்க், வலுவான அணிகளோடுதான் ஆடுவேன் என்று நின்றார். அந்த ஆண்டு கான்ஃபெடரேஷன் கோப்பையில் பிரான்சிடம் 0-5. ஆகஸ்டில் செக் குடியரசோடு நட்பு ஆட்டம், அதிலும் 0-5. ‘ஐந்துக்குப் பூஜ்யம்’ என்றே பத்திரிகைகள் அவருக்குப் பட்டப்பெயர் வைத்தன. 2002 தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த கோல்டு கோப்பையில் கியூபாவைக்கூட வெல்ல முடியவில்லை. வீரர்களை உடற்பயிற்சியில் கசக்கிப் பிழிந்துகொண்டிருந்த காலம் அது, கால் ஓடாமல் போனதில் ஆச்சரியமில்லை. அப்போதே அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

உலகக் கோப்பைக்கு முந்தைய மே மாதத்தில்தான் பலன் தெரிந்தது. ஸ்காட்லாந்தை 4-1 என்று வென்றார்கள், இங்கிலாந்தோடு 1-1. அப்புறம் கொரியாவின் சுவோன் நகரில், அப்போதைய உலகச் சாம்பியன் பிரான்சிடம் 2-3 என்று தோற்றார்கள். ஆனால் கடைசிவரை ஈடுகொடுத்து ஓடிய தோல்வி அது. இங்கிலாந்துக்கு எதிராகவும் பிரான்சுக்கு எதிராகவும் கோல் அடித்த பார்க் ஜி-சுங்தான், சில வாரத்தில் உலகக் கோப்பையில் போர்ச்சுகலை வீழ்த்திய கோலையும் அடித்தார். இத்தாலியை வெளியேற்றிய கோல் 117-வது நிமிடத்தில் விழுந்தது. கொரியா அரையிறுதி வரை போனது.

ஹிட்டிங்க் செய்த இன்னொரு காரியம் என் மனதுக்கு நெருக்கமானது. மைதானத்துக்குள் மூத்தவன் இளையவன் என்ற மரியாதைப் பேச்சு வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பந்து கேள் என்றார். எங்கள் தூத்தூர்க் கரையில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாவட்டப் போட்டிக்கு முன் ஊர் கிளப்பின் பெரிய பையன்களோடு பள்ளி அணியை ஆடவிடுவேன். பத்தாம் வகுப்புப் பையன் ஆளில்லாத இடத்தில் நிற்பான். பந்து வைத்திருக்கும் பன்னிரண்டாம் வகுப்பு அண்ணனிடம் வாய் திறந்து கேட்க மாட்டான், கை மட்டும் லேசாக உயரும். அந்த ஒரு நொடியில் பந்து பறிபோய்விடும். தினசரிப் பயிற்சியில் இது கண்ணில் படவே படாது. இரண்டு கோல் பின்தங்கி, எதிரணி நெருக்கும்போதுதான் தெரியும்.

நட்பு ஆட்டத்தில் ஆபத்தும் உண்டு. அதே சுவோன் ஆட்டத்தில் முதல் பாதியிலேயே தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார் பிரான்சின் நட்சத்திர வீரர் ஜினடின் ஜிடான். சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் ஆடி முடித்து இரண்டு வாரம்கூட ஆகாத கால் அது. உலகக் கோப்பையில் பிரான்ஸ் அவரில்லாமல் செனகலிடம் தோற்றது, உருகுவேயோடு சமன் செய்தது. அரைகுறையாகத் தேறி அவர் இறங்கிய டென்மார்க் ஆட்டத்திலும் தோல்வி. ஒரு கோல்கூட அடிக்காமல் சாம்பியன் ஊர் திரும்பியது. யாரை எத்தனை நிமிடம் ஆடவைப்பது என்பதும் பயிற்சியாளரின் கணக்குதான். அதற்காக 2003-இல் இங்கிலாந்து செய்ததுபோல் இடைவேளையில் பதினொரு பேரையும் மாற்றிவிட்டால் அது எந்த அணிக்கான பயிற்சி? ஆஸ்திரேலியாவிடம் 1-3 என்று தோற்ற அந்த ஆட்டத்துக்கு அடுத்த ஆண்டே, நட்பு ஆட்டத்தில் ஆறு மாற்று வீரர்கள் என்று வரம்பு வந்தது.

நம் அணியின் கதைக்கு வருகிறேன். 2019 ஆசியக் கோப்பைக்கு முன் இந்தியா சீனாவோடு 0-0, ஜோர்டானிடம் 1-2, ஓமனோடு 0-0. மூன்று ஆட்டத்திலும் சேர்த்து ஒரே கோல். ஆனால் போட்டியின் முதல் ஆட்டத்தில் தாய்லாந்தை 4-1 என்று சாய்த்தது. 2024 ஆசியக் கோப்பைக்கோ, உள்நாட்டு கிளப் லீக்கான ஐஎஸ்எல் ஆட்டங்கள் டிசம்பர் கடைசிவரை ஓடின, தோஹாவில் கிடைத்தது இரண்டு வாரம். ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா என மூன்று ஆட்டமும் தோல்வி, கோல் எதுவும் இல்லை. 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் மாலத்தீவை 3-0 என்று வென்றதும், மூத்த வீரர் சுனில் சேத்ரி ஓய்விலிருந்து திரும்பி வந்து கோல் அடித்ததும் கொண்டாட்டமாகிவிட்டது. ஆறு நாளில் அதே மைதானத்தில், ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் வங்கதேசத்தோடு 0-0. கடைசியில் 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதியே பெறவில்லை. மாலத்தீவு நம் தடுப்பாட்டத்தை எந்த இடத்தில் சோதித்திருக்க முடியும்?

வலுவான அணியைக் கூப்பிட்டால் தோற்போம், தோற்றால் பத்திரிகை கிழிக்கும் என்ற பயம் கால்பந்து சம்மேளனத்துக்கு வந்துவிடக் கூடாது. அந்தப் பயத்தைக் குறைப்பது உங்கள் கையிலும் இருக்கிறது. அடுத்த நட்பு ஆட்டத்தின் செய்தியில் இன்னும் நாலு வரி சேருங்கள்: முதல் பதினொருவரில் யார் புதிது, யாரை இடம் மாற்றி ஆடவைத்தார்கள், இடைவேளைக்குப் பின் என்ன மாறியது, கோல் விட்டது எந்தப் பக்கத்தால். எங்கள் ஊர்ப் பையன்கள் அதைப் படித்துவிட்டு மாலையில் மணலில் வந்து சண்டை போடுவார்கள், எனக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்