நிகோபார் நில அதிர்வு: வதந்தியைப் பகிராதீர்கள்

பாம்பன், தங்கச்சிமடம் உறவுகளுக்கு வணக்கம். நிகோபார் பக்கம் 4.5 அளவில் லேசான நில அதிர்வு. உடனே “சுனாமி வருது, வள்ளத்தை மேலே இழுங்க” என்று ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. யாரும் பகிராதீர்கள், வயசானவர்கள் பயந்து போகிறார்கள்.

அதிர்வு மையத்தின் ஆழம் குறைவு என்பதால் அந்தத் தீவில் பாத்திரபண்டம் ஆடியிருக்கும். ஆனால் இந்த அளவுக்கெல்லாம் கடல் பொங்காது. 2004-ல் சுனாமியைக் கிளப்பிய நிலநடுக்கம் 9.1 அளவு. அந்த அலையே தமிழ்நாட்டுக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இப்போது ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) சுனாமி எச்சரிக்கை மையம் நிமிடக் கணக்கில் எச்சரித்துவிடும். சந்தேகமென்றால் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குக் கூப்பிடுங்கள்.

அப்புறம், நிகோபாரில் உள்ள காம்பெல் பே ஊரில் சொந்தக்காரர்கள் இருந்தால் போன் போட்டு விசாரித்துக் குழுவில் சொல்லுங்கள். பின்னதிர்வு வரலாம், அவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.