பிடுங்குவதற்கு முன்: விதைப் பரிமாற்றக் குழு நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கோடை முற்றியதும் நம் குழுவில் ஒரே மாதிரிச் செய்திகள் வரத் தொடங்கிவிடும். வெண்டை காய்ப்பு நின்றுவிட்டது, பிடுங்கிவிட்டேன் என்பார் ஒருவர். தண்ணீர் இல்லை, மழை வரட்டும் என்பார் இன்னொருவர். அப்புறம் முதல் மழைக்கு எல்லோரும் விதை கேட்போம். கொடுக்க யாரிடமும் இருக்காது. நானும் போன கோடையில் அவசரப்பட்டுக் காராமணிக் கொடியைப் பிடுங்கியவள்தான். அதில் பாதி முற்றிய நெற்றுகள் இருந்ததை உரக்குழியில் போடும்போதுதான் பார்த்தேன். இன்றும் மனசு கேட்கவில்லை.

அதனால்தான் கேட்கிறேன்: தோட்டம் முழுவதையும் காப்பாற்ற முடியாவிட்டால் பரவாயில்லை, ஒவ்வொரு ரகத்திலும் நான்கைந்து செடிகளையாவது விதைக்கென்று விட்டுவையுங்கள்.

பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி இரவும் தணியாத நாட்களில் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழக்கிறது, பூ உதிர்கிறது. அப்போது புதுக் காய் பிடிக்கவில்லையே என்று குடம் குடமாக ஊற்றிப் பயனில்லை. ஆனால் அவரையிலும் காராமணியிலும் ஏற்கெனவே பிடித்த காய்கள் நெற்றாக, இந்த வறண்ட காற்றைவிட நல்லது கிடையாது. மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்து, சில சமயம் கொடியிலேயே முளைத்துவிடும் விதை, இப்போது ஆட்டினால் சலசலக்கும் அளவுக்குக் காய்ந்து கைக்கு வரும்.

தண்ணீரை எப்போது கொடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். பூக்கும்போதும் விதை திரளும்போதும் செடி வாடினால் விதை சிறுத்து, சுருங்கிப்போகும். அந்த நாட்களில் இருக்கிற தண்ணீரை இந்தச் சில செடிகளுக்கே வேர் வரை இறங்கும்படி ஊற்றுங்கள். காய்கறி கழுவிய தண்ணீர் போதும். சோப்பு கலந்தது வேண்டாம். மேலே நான்கு விரல் உயரத்துக்குச் சருகு மூடாக்கு. நெற்று மஞ்சளாகத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம்.

எந்தச் செடியை விடுவது? நல்ல காயையெல்லாம் பறித்துச் சமைத்துவிட்டு, கடைசியில் எஞ்சிய சூம்பலை விதைக்கு விடுகிறோம். இதை மாற்ற வேண்டும். குறைந்த தண்ணீரில் தழைத்து நின்ற செடியில் முன்பே கயிறு கட்டி அடையாளம் வைத்துவிடுங்கள். கீரையில் எல்லாவற்றுக்கும் முந்திப் பூத்துவிடும் செடி வேண்டாம். அந்த அவசரம் அடுத்த தலைமுறைக்கும் வரும். தேமல் விழுந்த அவரையும் வேண்டாம். தேமலை உண்டாக்கும் நச்சுயிரி (வைரஸ்) விதை வழியாகவும் பரவக்கூடும்.

நார்வேயின் ஸ்வால்பார்டு விதைக் கிடங்கில் 2008 முதல் மைனஸ் 18 டிகிரியில் விதைகளைக் காக்கிறார்கள். சிரியப் போரில் தன் சேமிப்பை எட்ட முடியாமல் நின்ற ஓர் ஆய்வு மையம் 2015இல் அங்கிருந்துதான் விதையைத் திரும்பப் பெற்றது. அந்தக் காப்பு அவசியம். ஆனால் உறைந்திருக்கும் விதை இந்தக் கோடையைப் பார்ப்பதில்லை. நம் முற்றத்துச் செடி பார்க்கிறது. ஒரே வருஷத்தில் பெரிதாக மாறிவிடாது. வருஷா வருஷம் தாங்கியதையே தேர்ந்தெடுத்து விதைத்தால் மெல்ல நம் மண்ணுக்குப் பழகும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாட்டுப் பூசணி என்று எனக்கு வந்த விதையில் மூன்று கொடி, மூன்று விதக் காய். கொடுத்தவர் மேல் கோபமில்லை, தேனீ செய்த வேலை அது. பூசணிக்கு முதல் நாள் மாலையே ஆண், பெண் மொட்டுகளைக் கட்டிவைத்து, மறுநாள் மலர்ந்ததும் கையால் மகரந்தம் தொட்டு மறுபடி கட்டிவிட்டால் ரகம் கலக்காது. சுரை மாலையில் மலரும் என்பதால் மொட்டுகளை அன்று பகலிலேயே கட்டி, மாலை மலர்ந்ததும் இதைச் செய்துவிட வேண்டும். ஹைப்ரிட் செடியின் விதையென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். அடுத்த தலைமுறை தாயைப் போல இருக்காது.

விதையை நிழலில் காயவைத்து, காற்றுப் புகாத புட்டியில் போட்டு, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பொட்டலத்தில் ரகத்தின் பெயரோடு, விதைத்த மாதத்தையும், கடும் வெயிலில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள். அடுத்த பரிமாற்றத்தில் நான் முதலில் படிக்கப்போவது அந்த வரியைத்தான். என் வெண்டையில் ஆறு செடிகளுக்குக் கயிறு கட்டியிருக்கிறேன். நெற்று வெடிக்கத் தொடங்கியதும் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி