ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கச் சொல்லுங்கள்

எங்கள் மாவட்டத்தின் சுகாதார அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகள் வார்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். ஒன்பதாம் மாத ஊசிகள் எவை, எதற்காக என்றெல்லாம் தங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை இல்லை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் கொத்து வேலை செய்பவரின் மகளுக்கு நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் பாக்டீரியாவுக்கு எதிரான நியூமோகாக்கல் தடுப்பூசியின் பூஸ்டர், அதாவது ஒன்பதாம் மாதத்தில் போட வேண்டிய வலுவூட்டும் தவணை, இன்றுவரை போடப்படவில்லை. அந்தக் குழந்தையின் தாய் மூன்று புதன்கிழமைகள், இரண்டு பேருந்து மாறி, பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு போனாள். ஒரு குப்பியில் பல பிள்ளைகளுக்கான மருந்து இருக்கும் என்பதால், மூன்று முறையும் "இன்னும் பிள்ளைகள் சேரவில்லை, ஒருவருக்காகக் குப்பியை உடைக்க முடியாது, அடுத்த வாரம் வாம்மா" என்ற பதிலோடு திரும்பி வந்தாள்.

அவளிடமிருந்த தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஆறாம் வாரம், பதினான்காம் வாரம் என இரண்டு கட்டங்களிலும் நீல மையில் தேதி ஒழுங்காக இருக்கிறது. மூன்றாவது கட்டத்தில் பென்சிலால் "அடுத்த புதன்" என்று எழுதி, அழித்து, அதன் மேலேயே மறுபடியும் "அடுத்த புதன்" என்று எழுதியிருக்கிறார்கள். இடையில் அவளுடைய கைப்பேசிக்கு, தவணை வந்துவிட்டது, தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள் என்று குறுஞ்செய்தி வேறு. நினைவூட்டல் மட்டும் எங்கள் ஊருக்குத் தவறாமல் வந்து சேர்கிறது.

சென்ற மாதம், பதினொன்றாம் மாதத்தில், அந்தக் குழந்தை நிமோனியாவோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது. துணைக்கு நானும் போனேன். பழக்கதோஷத்தில் சட்டையை விலக்கி ஒரு நிமிடம் மூச்சை எண்ணிப் பார்த்தேன். 62. அந்த வயதில் 50 என்றாலே வேகமான மூச்சு என்றுதான் நாங்கள் புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே தோல் குழிந்து உள்ளே போனது; மூக்கில் ஆக்சிஜன் குழாயைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்ததால் அழக்கூட வாட்டமில்லாமல் முனகிக்கொண்டிருந்தது. பால் குடிக்க வாய் வைக்கும், இரண்டு மடக்குக்குள் மூச்சு முட்டி விட்டுவிடும். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு வலித்த அந்தப் பெண் இரவெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆறு நாள் மருத்துவமனை வாசம். ஆறு நாளும் தகப்பனுக்குக் கூலி இல்லை.

அந்தத் தவணை விழுந்திருந்தால் இது வந்தே இருக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நிமோனியாவுக்குப் பல கிருமிகள் உண்டு. நியூமோகாக்கஸிலேயே இந்த ஊசிக்குள் அடங்காத வகைகள் பல உண்டு. ஆனாலும் இந்த ஊசி வந்த பிறகு உலகமெங்கும் குழந்தைகள் வார்டுகளுக்கு என்ன நடந்தது என்பது ஒளிவுமறைவான செய்தி இல்லை. அமெரிக்கா 2000ஆம் ஆண்டு இதைத் தொடங்கியது. 2004 முடிவதற்குள் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் நிமோனியாவோடு மருத்துவமனையில் சேரும் அனுமதிகள், எந்தக் கிருமியால் வந்தது என்று பிரிக்காமல் மொத்தமாகக் கணக்கிட்டே, 39 விழுக்காடு குறைந்தன. தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோவில் நடந்த ஆய்வில், வைரஸ் கண்டறியப்பட்ட நிமோனியாவுக்கான அனுமதிகள்கூட ஊசி போட்ட குழந்தைகளிடம் 31 விழுக்காடு குறைவாக இருந்தன. வைரஸ் வந்து கதவைத் திறந்து வைக்க, பின்னாலேயே இந்தப் பாக்டீரியா உள்ளே நுழைகிறது என்பதை மழைக்கால வார்டில் வேலை பார்த்த எந்தச் செவிலியரும் கண்டிருப்பார்.

பூஸ்டர்தானே, நாலு வாரம் தள்ளிப்போனால் என்ன என்ற எண்ணம் கீழ்மட்டத்தில் இருக்கிறது. குழந்தையின் மூக்கிலும் தொண்டையிலும் இந்தக் கிருமி குடியிருக்காமல் தடுத்து, அதன் மூலம் வீட்டில் உள்ள கிழவன் கிழவிவரை காப்பாற்றுவதில் இந்தத் தவணைக்குப் பெரும் பங்கு உண்டு. பிரிட்டன் 2020இல் தவணைகளைக் குறைத்தபோது கூட, தொடக்கத் தவணைகளில் ஒன்றைத்தான் எடுத்ததே தவிர ஒரு வயதில் போடும் பூஸ்டரைத் தொடவில்லை. அமெரிக்காவில் பத்தாண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது ஆண்டுக்கு ஏறத்தாழ 1,68,000 நிமோனியா அனுமதிகள் குறைந்திருந்தன. அதில் சுமார் 73,000 பேர் 85 வயதைக் கடந்த முதியவர்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்த ஊசியைக் கண்ணால் கண்டவர்கள்கூட இல்லை.

ஆகவேதான் கேட்கிறேன், ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கச் சொல்லுங்கள். இதே ஒன்பதாம் மாதத்தில் போடும் தட்டம்மை ரூபெல்லா மருந்தைக் கலக்கினால் நான்கு மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும் என்பது உண்மைதான். அப்படியிருந்தும் ஒரே குழந்தைக்காகவும் திறக்கலாம் என்பதே அரசின் வழிகாட்டுதல். நியூமோகாக்கல் மருந்துக்கோ அந்தச் சாக்கும் கிடையாது. திறந்த குப்பியில் தேதியைக் குறித்து, குளிர்ச்சி கெடாமல் வைத்தால் 28 நாள்வரை பயன்படுத்தலாம். இரண்டையும் ஒரே நாளில் போடுவது வழக்கம் என்பதற்காக, ஒன்றைத் திறக்கத் தயங்கி மற்றொன்றையும் நிறுத்தி வைப்பது எந்த ஊர்க் கணக்கு?

கிராம சுகாதாரச் செவிலியர் மீது எனக்கு வருத்தம் இல்லை. ஆய்வுக் கூட்டத்தில் அந்தப் பெண்ணை எழுப்பி நிறுத்தி, மருந்து விரயம் ஏன் கூடியது என்று கேட்கிறார்கள். எத்தனை தாய்மார் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்று கேட்க ஒரு படிவம் இல்லை, ஒரு கட்டமும் இல்லை. கொட்டிய மருந்துக்கு ஏடு உண்டு. கொட்டாமல் காத்த மருந்தால் நிரம்பிய கட்டிலுக்கு ஏடு கிடையாது. 2021 மத்திய வரவு செலவு அறிக்கையில் இந்த ஊசி நாடெங்கும் போனால் ஆண்டுக்கு 50,000 குழந்தைகளின் உயிர் பிழைக்கும் என்றார்கள். அந்த ஆண்டு ஜூலையில் தமிழ்நாட்டிலும் தொடங்கி வைத்தார்கள். மேடை, பதாகை, புகைப்படம் எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. அந்தப் பதாகைத் துணியில் ஒரு மூலையைக் கிழித்து விற்றிருந்தால்கூட இந்தக் குழந்தைக்கு ஒரு குப்பி வாங்கியிருக்கலாம் போலிருக்கிறது.

கோபத்தில் வார்த்தை தடித்துவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன். கேட்க வந்தது சிறிய காரியம். ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கலாம், விரயத்துக்கு விளக்கம் கேட்கப்படாது என்று இரண்டு வரியில் ஒரு சுற்றறிக்கை. அதன் நகல் ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்துச் சுவரிலும். கூடவே, ஐந்து வயதுக்கு உட்பட்டோரின் நிமோனியா அனுமதி எண்ணிக்கையை, ஊசி வருவதற்கு முந்தைய ஆண்டுகளிலிருந்து மாதவாரியாக வெளியிட்டால், ஊசியால் எங்கள் மாவட்டத்தில் எத்தனை கட்டில் காலியானது என்பதைத் தாங்களும் பார்க்கலாம், நாங்களும் பார்க்கலாம்.

வரும் புதன்கிழமை அந்தத் தாயையும் பிள்ளையையும் நானே அழைத்துக்கொண்டு வருகிறேன். அட்டையும் கையில் இருக்கும். அன்று வேறு பிள்ளைகள் யாரும் வராமல் போகலாம். தயவுசெய்து முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

பணிவுடன்,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்